அறிதுயில்: வலியைத் தணிக்கும், நினைவை அழிக்காது

வன்னியில் உளவளத்துணையாளராக வேலை செய்த ஆண்டுகளில் ஹிப்னாடிசத்தைப் பற்றி இரண்டு கேள்விகளை நான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். முதலாவது, "தம்பி, அந்த மயக்கிற வைத்தியம் செய்தால் நடந்தது எல்லாத்தையும் மறக்கலாமோ?" என்பது. இரண்டாவதை அநேகமாகத் தாய்மாரே கேட்பார்கள். "என்ர பிள்ளை எங்க இருக்கிறான் எண்டு அதில பார்க்கலாமோ?" இரண்டுக்கும் பதில் இல்லை என்பதுதான். ஆனால் "இல்லை" என்று மட்டும் சொல்லி ஒருவரை அனுப்பிவிட முடியாது. அந்த வைத்தியம் எதற்கு உதவும், எதற்கு உதவாது, எங்கே ஆபத்தாக முடியும் என்பதைச் சொல்ல வேண்டும். முகநூலிலும் யூடியூப்பிலும் "ஆழ்மன சக்தி" விளம்பரங்கள் பெருகிவிட்ட இன்றைய நிலையில் அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் பெயர். "மனோவசியம்" என்ற சொல்தான் நம்மிடையே அதிகம் புழங்குகிறது. அதிலுள்ள "வசியம்" ஒருவர் மற்றவரைத் தன் பிடிக்குள் கொண்டுவருவதைக் குறிப்பதால் எனக்கு அது உவப்பானதல்ல. இலங்கையில் கல்விசார்ந்தவர்கள் பயன்படுத்தும் "அறிதுயில்" பொருத்தமானது. பாற்கடலில் திருமால் கொள்ளும் துயிலுக்கு நம் முன்னோர் இட்ட பெயர் அது. துயில்வது போலத் தெரியும், அறிவோ விழித்திருக்கும். உண்மையில் ஹிப்னாடிசத்தில் நடப்பதும் ஏறக்குறைய அதுவே. ஹிப்னாஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்குத் தூக்கம் என்று பொருள். ஆனால் அறிதுயிலில் இருப்பவர் தூங்குவதில்லை. மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்து பார்த்தால் விழித்திருப்பவருடையதைப் போலவே இருக்கும். அறையில் மின்விசிறி சுற்றுவதும் தெருவில் பஸ் போவதும் அவருக்குக் கேட்கும். கவனம் மட்டும் ஒரே இடத்தில் குவிந்திருக்கும்.

அமர்வு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். கதிரையில் வசதியாக இருக்கச் சொல்வார்கள். ஒரு புள்ளியைப் பார்க்கவோ மூச்சைக் கவனிக்கவோ சொல்வார்கள். கை கால்கள் தளர்வதைப் பற்றி மெதுவாகப் பேசுவார்கள். உடல் அடங்கிய பின், வந்த நோக்கத்துக்கு ஏற்ற கருத்தேற்றங்கள் தொடங்கும். "வலி இருக்கிற இடத்தில் குளிர்ந்த நீர் ஓடுகிறது" என்பது போன்ற வாக்கியங்கள் அவை. இறுதியில் எண்களை எண்ணி, பழைய நிலைக்குத் திரும்ப அழைப்பார்கள். சினிமாவில் வருவது போலச் சங்கிலியில் கடிகாரம் ஆடுவதில்லை. கட்டளையிட்டதும் கொலை செய்யப் போகிறவரும் இல்லை.

எல்லாருக்கும் இது ஒரே அளவில் வாய்ப்பதில்லை. 1959இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஏர்னஸ்ட் ஹில்கார்ட்டும் அவரது குழுவினரும் இதை அளப்பதற்கு ஓர் அளவுகோல் செய்தார்கள். அதன் பின்னர் நடந்த ஆய்வுகளின்படி நூற்றில் பத்துப் பதினைந்து பேர் மிக எளிதில் ஆழ்ந்துவிடுவார்கள், ஏறக்குறைய அதே அளவினருக்கு எதுவுமே நடக்காது, எஞ்சியோர் நடுவில். "எனக்கு வேலை செய்யவில்லை" என்று ஒருவர் சொன்னால் அது அவருடைய மனப்பலவீனமும் அல்ல, பலமும் அல்ல. சிலருக்கு இசைக்காது வாய்ப்பது போன்ற ஓர் இயல்பு அது.

இதன் வரலாறு ஒரு தவறான கோட்பாட்டிலிருந்து தொடங்குகிறது. 18ஆம் நூற்றாண்டில் வியன்னாவில் மருத்துவராக இருந்த பிரான்ஸ் அன்ரன் மெஸ்மர், உயிர்களுக்குள் ஒரு காந்தப் பாய்மம் ஓடுகிறது என்றும் அது தடைப்படுவதே நோய் என்றும் நம்பினார். 1778இல் பாரிஸுக்கு வந்து பெரும் புகழ் பெற்றார். நோயாளிகள் ஒரு மரத்தொட்டியைச் சுற்றி இருந்து, அதிலிருந்து நீளும் இரும்புக் கம்பிகளைப் பிடித்துக்கொள்வார்கள். சிலர் அலறுவார்கள், சிலர் மயங்கி விழுவார்கள், சிலர் குணமடைந்ததாகச் சொல்வார்கள். 1784இல் பதினாறாம் லூயி மன்னன் இதை விசாரிக்க ஒரு குழுவை அமைத்தான். பெஞ்சமின் பிராங்க்ளினும் வேதியியலாளர் லவோசியேயும் அதில் இருந்தார்கள். மெஸ்மரின் சீடர் ஒருவர் பிராங்க்ளினின் தோட்டத்தில் ஒரு மரத்துக்குக் "காந்தம் ஏற்றினார்". கண்கள் கட்டப்பட்ட ஒரு சிறுவனை ஒவ்வொரு மரமாக அழைத்துச் சென்றார்கள். காந்தம் ஏற்றப்படாத நான்காவது மரத்தடியில் அவன் மயங்கி விழுந்தான். காந்தம் ஏற்றிய மரமோ தள்ளி நின்றது. பாய்மம் எதுவும் இல்லை, நடப்பதெல்லாம் கற்பனையின் வேலை என்று குழு அறிக்கை கொடுத்தது.

அந்த அறிக்கை மெஸ்மரை வீழ்த்தியது. ஆனால் ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை: கற்பனையால் ஒரு சிறுவனை மயங்கி விழச் செய்ய முடியுமென்றால், அந்தக் கற்பனை சாதாரணமான ஒன்றா? அந்தக் கேள்வியைச் சரியான இடத்திலிருந்து தொடங்கியவர் ஒரு கோவாக்காரர். அபே பாரியா என்று அறியப்பட்ட அந்தக் கத்தோலிக்கக் குரு 1756இல் கோவாவின் கண்டோலிம் கிராமத்தில் பிறந்தவர். 1813இல் பாரிஸில் பொதுமக்களுக்கு இதைச் செய்துகாட்டி விரிவுரைகள் நடத்தினார். சக்தி செய்பவரிடம் இல்லை, செய்யப்படுபவரின் மனத்தில்தான் இருக்கிறது என்றார். பாரிஸ் அவரை எள்ளி நகையாடியது. இன்று பணஜி நகரில் அவருக்குச் சிலை இருக்கிறது. 1840களில் மான்செஸ்டரில் சத்திரசிகிச்சை நிபுணராக இருந்த ஜேம்ஸ் பிரெய்ட் காந்தக் கதைகளை முற்றாகக் கழற்றிவிட்டு, ஹிப்னாடிசம் என்ற பெயரைப் பரவலாக்கினார்.

அதே பத்தாண்டில் வங்காளத்தின் ஹூக்ளியில் நடந்ததை நான் பயிற்சி வகுப்புகளில் எப்போதும் சொல்வேன். ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்கொட்லாந்து மருத்துவர் கிழக்கிந்தியக் கம்பனியின் சேவையில் இருந்தவர். மயக்க மருந்து இல்லாத காலம்; நோயாளியை நாலு பேர் அமத்திப் பிடிக்க, விழிப்பிலேயே வெட்டுவார்கள். 1845 ஏப்ரல் 4ஆம் திகதி ஒரு சிறைக்கைதிக்கு விரைவீக்கத்துக்குச் சிகிச்சை செய்தபோது அவர் வலியில் துடிப்பதைப் பார்த்து, படித்து மட்டுமே அறிந்திருந்த மெஸ்மரின் முறையை முயன்று பார்த்தார். அந்த மனிதர் வலியுணர்வு இல்லாத நிலைக்குப் போனார். அதன்பின் எஸ்டெய்ல் சில நூறு சத்திரசிகிச்சைகளை இந்த முறையில் செய்தார். யானைக்கால் நோயால் விரைப்பையில் வளர்ந்த பெருங்கட்டிகளை அகற்றுவது அவற்றுள் முக்கியமானது. 1846இல் கல்கத்தாவில் அதற்கென ஒரு சிறு வைத்தியசாலையே தொடங்கப்பட்டது.

வழமையாக இந்தக் கதையில் எஸ்டெய்ல் மட்டுமே பேசப்படுவார். இருட்டறையில் நோயாளியின் தலைமாட்டில் மணிக்கணக்காக இருந்து கைகளால் வருடியவர்கள் அவருடைய வங்காள உதவியாளர்கள். படுத்திருந்தவர்கள் ஏழைகளும் கைதிகளும். அவர்களிடம் விருப்பம் கேட்கப்பட்டதா என்பது வேறு விடயம். 1846 ஒக்டோபரில் பொஸ்டனில் ஈதரும், 1847 நவம்பரில் எடின்பரோவில் குளோரோபோமும் வந்தன. சில நிமிடங்களில் மயக்கும் மருந்து கையில் இருக்கும்போது மணிக்கணக்காக வருடிக்கொண்டிருக்க எந்த வைத்தியசாலைக்கும் நேரம் இல்லை. அறிதுயில் பின்னுக்குப் போனது அதனால்தான்; அது பொய்யென்று நிரூபிக்கப்பட்டதால் அல்ல.

அது மறுபடி முன்னுக்கு வந்தது போரினால். முதலாம் உலகப் போரில், உடலில் காயமே இல்லாத சிப்பாய்கள் பேச்சிழந்தும் பார்வையிழந்தும் நடுங்கிக்கொண்டும் வைத்தியசாலைகளுக்கு வந்தார்கள். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த உளவியலாளர் சார்ள்ஸ் மயர்ஸ் 1915இல் "செல் அதிர்ச்சி" என்ற பெயரோடு இதைப் பற்றி லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். நினைவிழந்த சிலருக்கு அவர் அறிதுயிலைப் பயன்படுத்தினார். ஜேர்மனியில் மக்ஸ் நொன்னே என்ற நரம்பியல் மருத்துவர் இதே முறையால் நடுக்கங்களைச் சில நிமிடங்களில் நிறுத்திக் காட்டினார். அவர் நோயாளிகளை நிர்வாணமாக நிற்கவைத்துத்தான் செய்தார். தாம் அதிகாரமற்றவர், மருத்துவரே அதிகாரம் உள்ளவர் என்று அவர்கள் உணர வேண்டுமாம். படைகளுக்குத் தேவைப்பட்டது அந்த மனிதர்களின் நிம்மதி அல்ல. நடுக்கம் நின்றால் மீண்டும் போர்முனைக்கோ ஆயுதத் தொழிற்சாலைக்கோ அனுப்பலாம் என்பதுதான் கணக்கு. ஒரு சிகிச்சை நல்லதா என்று கேட்பதற்கு முன், அது யாருக்காகச் செய்யப்படுகிறது என்று கேட்கும் பழக்கம் எனக்கு இந்த வரலாற்றைப் படித்த பின்னர்தான் வந்தது.

இனி இன்றைய நிலை. அறிதுயிலுக்கு வலுவான சான்று இருப்பது வலி விடயத்தில். 1997இல் கனடாவின் மொன்றியலில் நடந்த ஆய்வொன்றில் தொண்டர்களின் கையைச் சுடுநீரில் வைத்து, அறிதுயிலில் "இது இப்போது அவ்வளவு தொந்தரவு தரவில்லை" என்ற வகையான கருத்தேற்றம் கொடுத்து, மூளையைப் படம் பிடித்தார்கள். சூட்டை உணரும் பகுதி வழமை போல இயங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சூட்டின் வேதனையோடு தொடர்புடைய பகுதியின் இயக்கம் மாறியது. வலி வேறு, வலியால் படும் அவதி வேறு என்பதை இப்படிப் படமாகவே பார்க்க முடிந்தது. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழக வைத்தியசாலையில் 1992 முதல் தைரொயிட் போன்ற சத்திரசிகிச்சைகளை முழு மயக்கம் கொடுக்காமல், அறிதுயிலோடு அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்யும் ஊசியும் சிறிதளவு மருந்தும் சேர்த்துச் செய்து வருகிறார்கள். இதுவரை ஆயிரக்கணக்கானோருக்குச் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் சியாட்டிலில் எரிகாயப் பிரிவில், கட்டு மாற்றும் நேரத்து வலிக்கு இதைப் பயன்படுத்தினார்கள். எரிகாயத்துக்குக் கட்டு மாற்றுவது என்றால் என்னவென்று செல்லடிக்குத் தப்பியவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

குடலுக்கும் இது உதவுகிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பதற்றம் வந்ததும் வயிறு கலக்கி, மாறி மாறி மலச்சிக்கலும் வயிற்றோட்டமும் வரும் குடல் உறுத்தல் நோய்க்கு 1984இல் மான்செஸ்டரில் பீற்றர் வோர்வெல் என்ற மருத்துவரின் குழு 30 நோயாளிகளில் இதைச் சோதித்து நல்ல பலன் கண்டது. மருந்துகளால் ஓராண்டாகியும் குணமாகாதவர்களை இதற்கு அனுப்புவது பற்றி யோசிக்கலாம் என்று பிரித்தானியாவின் மருத்துவ வழிகாட்டுதலிலேயே 2008இல் சேர்த்துக்கொண்டார்கள். முகாம்களில் "வயித்துக்க எரியுது, நெஞ்சுக்க ஏதோ உருளுது" என்று சொல்லி, எல்லாப் பரிசோதனையும் சரியாக வந்து, "உனக்கு ஒண்டுமில்லை" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பாருங்கள்.

கால் இழந்தவர்களுக்கு இல்லாத காலில் வரும் வலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். துண்டிக்கப்பட்ட பாதத்தில் விரல்கள் முறுக்கிக்கொண்டிருப்பதாக ஒருவர் சொல்லும்போது அது பொய்யும் அல்ல, பைத்தியமும் அல்ல. மூளையில் அந்தக் காலின் வரைபடம் இன்னும் இருக்கிறது. அறிதுயிலில் அந்தப் பாதத்தை மெல்ல மெல்ல விரித்து இளக்குவதாகக் கற்பனை செய்யவைப்பது சிலருக்கு வலியைக் குறைக்கிறது. ஆய்வுகள் சிறியவை. ஆனாலும் மருந்தால் முழுதாகத் தீராத வலி என்பதால், பயிற்சி பெற்றவர் கிடைத்தால் முயன்று பார்க்கத் தக்கது என்பது என் கருத்து.

புகைப்பதை நிறுத்துவது, பரீட்சையில் முதலிடம், ஞாபக சக்தி, தன்னம்பிக்கை, செல்வம் ஈர்ப்பு என்ற வரிசையில் சொல்லப்படுபவற்றைச் சுருக்கமாகவே பார்ப்போம். புகைப்பதை நிறுத்த இது மற்ற முறைகளை விடச் சிறந்தது என்பதற்குத் தெளிவான சான்று இல்லை. மேடைப் பயம், பரீட்சைப் பதற்றம் ஆகியவற்றில் உடலைத் தளர்த்தப் பழகுவது உண்மையாகவே உதவும். படிக்காத பாடத்தை எந்த அறிதுயிலும் நினைவுக்குக் கொண்டுவராது. உயர்தரப் பரீட்சை எழுதும் பிள்ளைக்கு இரண்டு நாள் "ஆழ்மனப் பயிற்சி"க்குக் கட்டும் காசை நல்ல சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் செலவழிக்கலாம்.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். போரின் மனவடு. நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் உள்ளவர் பழைய சம்பவத்தை நினைப்பதில்லை, அதற்குள் திரும்பப் போய்விடுகிறார் என்பதுதான் அந்த நோயின் இயல்பு. பட்டாசுச் சத்தத்தில் பங்கருக்குள் பாய்கிறார். 1989இல் நெதர்லாந்தில் வெளிவந்த ஆய்வொன்றில் கடும் மனவடு உள்ள 112 பேரைச் சேர்த்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நெருங்கிய ஒருவரைப் பறிகொடுத்தவர்கள். அறிதுயில் சிகிச்சை உட்பட மூன்று வகையான சிகிச்சைகளும் சிகிச்சைக்காகக் காத்திருந்தவர்களை விட அவர்களை நல்ல நிலைக்குக் கொண்டுவந்தன. ஆனால் அந்தச் சிகிச்சை எதுவும் நினைவை அழிக்கவில்லை. நினைவோடு சேர்ந்து உடல் பதறுவதை இளக்கியது, அவ்வளவுதான். 2013இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இந்நோய்க்கு முதலில் பரிந்துரைப்பது வேறு இரண்டு முறைகளை: மனவடுவை மையப்படுத்திய சிந்தனை நடத்தைச் சிகிச்சை ஒன்று, கண்ணசைவோடு நினைவைக் கையாளும் சிகிச்சை மற்றது. விரல் அசைவைப் பார்க்கச் சொல்வதால் இந்த இரண்டாவதைப் பலர் ஹிப்னாடிசம் என்று நினைக்கிறார்கள். அது வேறு.

நம்மவர்களுக்கு இந்த முறையைப் பயன்படுத்துவதில் புத்தகங்கள் சொல்லாத சிக்கல்கள் உண்டு. "கண்களை மூடுங்கள், உங்கள் உடல் கனமாகிறது, என் குரலை மட்டும் கேளுங்கள்" என்று ஓர் அந்நிய ஆண் சொல்வது பெரும்பாலோருக்குச் சாதாரணமானது. கண்கள் கட்டப்பட்டு விசாரிக்கப்பட்ட ஒருவருக்கு அது என்னவாக இருக்கும்? தடுப்பில் வல்லுறவுக்கு உள்ளான பெண்ணுக்கு? இணையத்தில் கிடைக்கும் பதிவுகளில் பாதிக்கு மேல் கடற்கரையில்தான் தொடங்குகின்றன. அலைகள் வருகின்றன, மணல் சூடாக இருக்கிறது என்று ஒரு இனிய குரல் சொல்லும். 2009இல் முள்ளிவாய்க்கால் மணலில் பதுங்குகுழி தோண்டியவருக்கு அந்தக் குரல் எதைக் காட்டும் என்று பதிவு செய்தவருக்குத் தெரியாது. அத்தகைய ஒரு பதிவைக் கேட்டு நடுச்சாமத்தில் வீட்டை விட்டு ஓடிய ஒரு இளைஞரை எனக்குத் தெரியும். மூடிய கண்ணுக்குள் போர் வருபவர்களுக்குக் கண்ணைத் திறந்து வைத்திருக்க உரிமை வேண்டும். நல்ல சிகிச்சையாளர் அதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுவார்.

நமது மண்ணில் இதற்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. கேரளத்தில் பிறந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராக வந்த ஆபிரகாம் கோவூரை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்டவர்களையும் வீட்டில் கல் விழுவதாகச் சொன்னவர்களையும் தேடிப் போய், பேச்சாலும் அறிதுயிலாலும் பேயின் பின்னால் இருந்த மனக்குறையைக் கண்டுபிடித்தவர் அவர். அவருடைய அனுபவக் குறிப்பொன்று 1973இல் "மறுபிறவி" என்ற தமிழ்ப் படமாகவும் வந்தது. கோவூருக்குத் தெய்வமாடுதலும் வாக்குச் சொல்லுதலும் மூடநம்பிக்கை. அந்த இடத்தில் நான் அவரோடு முழுதாக உடன்படுவதில்லை. 1990களில் மட்டக்களப்பின் அம்மன் கோயில்களில் உருவேறி வாக்குச் சொன்னவர்களிடம், பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் கூட்டம் கூட்டமாகப் போனதை பற்றீசியா லோரன்ஸ் என்ற மானிடவியலாளர் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். வாய்திறக்க முடியாத காலத்தில் ஒருவர் வாய்விட்டு அழக்கூடிய ஒரே இடமாக அது இருந்தது. அங்கே சொல்லப்பட்ட வாக்கு பலித்ததா என்பதை விட, அழுவதற்கு இடம் கிடைத்தது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் உளமருத்துவராகப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், மேற்கிலிருந்து வரும் தளர்வு முறைகளை அப்படியே இறக்குமதி செய்வதை விட மக்களுக்குப் பழகியவற்றைப் பயன்படுத்துவதையே வலியுறுத்தினார். மூச்சுப் பயிற்சி, சாந்தியாசனம், அவரவர் சமயத்துக்கு ஏற்ற ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப உச்சரித்தல் ஆகியன அவை. செபமாலை உருட்டும் ஒரு பாட்டியின் முகத்தையும் அறிதுயிலில் இருப்பவரின் முகத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மனம் ஒன்றில் குவிந்து உடல் அடங்குவது இரண்டிலும் இருக்கிறது. அந்தப் பாட்டி யாருக்கும் காசு கட்டவில்லை.

நினைவைப் பற்றிய ஆபத்தை நான் கடைசிக்குத் தள்ளியதற்குக் காரணம், அதுவே நமக்கு மிக முக்கியமானது என்பதால். மனம் ஒரு கமரா என்றும், எல்லாம் எங்கோ பதிந்து கிடக்கிறது என்றும், அறிதுயில் அந்தப் பெட்டியின் திறப்பு என்றும் பலர் நம்புகிறார்கள். அது தவறு. நினைக்கும் ஒவ்வொரு முறையும் நினைவு புதிதாகக் கட்டப்படுகிறது. 1995இல் எலிசபெத் லொப்டஸும் அவரது சகாவும் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் கடைத்தொகுதி ஒன்றில் நீங்கள் தொலைந்து போனீர்கள் என்று நடக்காத ஒன்றை 24 பேருக்குச் சொன்னார்கள். 6 பேர் அதை முழுதாகவோ ஓரளவோ தங்கள் நினைவாகவே ஏற்றுக்கொண்டார்கள். அங்கே அறிதுயில்கூடப் பயன்படுத்தப்படவில்லை. அறிதுயிலில் கற்பனை இன்னும் துலக்கமாகிறது. வந்ததை உண்மை என்று நம்பும் உறுதியும் கூடுகிறது. 1985இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதை ஆராய்ந்து, அறிதுயிலில் மீட்ட நினைவுகள் சாதாரண நினைவை விட நம்பகத்தன்மை குறைந்தவையாகத் தெரிகின்றன என்றது. அதற்கு முன்னரே, 1982இல் கலிபோர்னியாவின் உயர் நீதிமன்றம் அறிதுயிலுக்கு உட்பட்டவரின் அந்தச் சம்பவம் பற்றிய சாட்சியத்தை ஏற்க மறுத்திருந்தது.

இதை நமது நிலையில் வைத்துப் பாருங்கள். 2021இல் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை நிறைவேற்றிய 46/1 தீர்மானத்தின் பின் இலங்கை தொடர்பான சான்றுகள் திரட்டிப் பேணப்படுகின்றன. பலர் வெளிநாடுகளில் அகதித் தஞ்சம் கோரி வாக்குமூலம் கொடுக்கிறார்கள். கண்ணால் கண்டவர்களின் சொல்தான் பல வேளைகளில் நம்மிடம் உள்ள ஒரே சான்று. "விடுபட்டதை நினைவுபடுத்துகிறேன்" என்று யாராவது அறிதுயிலுக்கு அழைத்தால், போக வேண்டாம் என்றே சொல்வேன். திகதி மறந்திருக்கலாம், வரிசை குழம்பியிருக்கலாம். மனவடு உள்ளவர்களுக்கு அது இயல்பு என்று மருத்துவ அறிக்கையால் விளக்கலாம். அறிதுயிலில் புகுந்த ஒரு பொய் விபரத்தை எந்த அறிக்கையாலும் திரும்ப எடுக்க முடியாது. உண்மையாகக் கண்டதன் மீதும் சந்தேகம் விழும்.

இரண்டாவது கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய உறவுகளின் போராட்டப் பந்தலில் இருந்த ஒரு அம்மா, நகரத்தில் ஒருவர் தன்னை அறிதுயிலில் ஆழ்த்தி மகனைக் "காட்டியதாக" என்னிடம் சொன்னார். இரும்புக் கதவு, மங்கிய விளக்கு, மெலிந்த உடம்பு. மூன்று முறை போயிருக்கிறார். ஒவ்வொரு முறையும் காசு. அவர் கண்டது அவருடைய மனம் பல ஆண்டுகளாக வரைந்து வைத்திருந்த படம். "அது பொய் அம்மா" என்று நான் சொல்லவில்லை. "அங்க மகன் உங்களோட என்ன கதைச்சவர்?" என்று கேட்டேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மகனைப் பற்றிச் சொன்னார். அவனுக்குப் பிடித்த கறி, அவன் ஓடிய சைக்கிள், எல்லாம். அதன்பின் அவர் அந்த இடத்துக்குப் போகவில்லை. பந்தலுக்குப் போவதை நிறுத்தவுமில்லை. நிறுத்தச் சொல்ல எவருக்கும் உரிமையும் இல்லை. ஒருவர் எங்கே இருக்கிறார் என்பது தாயின் ஆழ்மனத்தில் இல்லை. அதைத் தெரிந்தவர்கள் வேறு இடங்களில் இருக்கிறார்கள்.

இந்தச் சிகிச்சையை நாடுவதென்றால் சில விடயங்களைக் கேளுங்கள். செய்பவர் முதலில் மருத்துவரா, பயிற்சி பெற்ற உளவியலாளரா? மருத்துவர் என்றால் இலங்கை மருத்துவச் சபையில் பதிந்தவரா? ஹிப்னாடிசம் மட்டுமே தெரிந்தவரிடம் மனவடுவைக் கொடுக்காதீர்கள். நினைவு வெடித்துக் கிளம்பினால் அவரால் தாங்கிப் பிடிக்க முடியாது. பெண்கள் துணைக்கு ஒருவரை அறைக்குள் வைத்திருக்கக் கேட்கலாம். மறுப்பவரிடம் போக வேண்டாம். காதில் குரல்கள் கேட்பவர்கள், யாரோ தன்னைக் கட்டுப்படுத்துவதாக நம்புபவர்கள் இதைச் செய்யவே கூடாது; அவர்கள் உளமருத்துவரிடம் போக வேண்டும். எழுதித் தந்த குளிசைகளை ஹிப்னாடிசக்காரர் சொன்னார் என்பதற்காக நிறுத்தவும் கூடாது. மாவட்ட வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளில் சிகிச்சை இலவசம். உயிரை விடும் எண்ணம் வந்தால், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

தூக்கம் வராதவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் ஒன்றை இங்கே எழுதுகிறேன். இதற்கு எவரும் தேவையில்லை. கதிரையில் இருந்து இரண்டு பாதங்களையும் தரையில் வையுங்கள். கண்களைத் திறந்தே வைத்திருக்கலாம். சுவரில் ஒரு புள்ளி போதும். பாதத்துக்குக் கீழே தரை எப்படி இருக்கிறது, குளிரா சூடா என்று பாருங்கள். மூச்சை உள்ளே இழுக்கும் நேரத்தை விட வெளியே விடும் நேரம் சற்று நீளட்டும். ஒவ்வொரு முறை விடும்போதும் உங்களுக்குப் பழகிய ஒரு சொல்லை மனதுக்குள் சொல்லுங்கள்; சாமியின் பெயராக இருக்கலாம், பேரப்பிள்ளையின் பெயராகவும் இருக்கலாம். நெற்றி, தாடை, தோள், உள்ளங்கை என்று ஒவ்வொன்றாக இளகவிடுங்கள். இடையில் பழைய காட்சி வந்தால் அதோடு சண்டை பிடிக்க வேண்டாம்; எழுந்து முகம் கழுவுங்கள், அறையில் உள்ள ஐந்து பொருட்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள், பிறகு விரும்பினால் தொடருங்கள். பத்து நிமிடம் போதும். இரவில் படுக்கப் போகும்போது மட்டும் செய்யாமல், பகலில் மனம் ஓரளவு அமைதியாக இருக்கும் நேரத்தில் இரண்டு கிழமை பழகிய பிறகுதான் இரவில் அது கைகொடுக்கும்.